கையில் எடுத்தால் பூனை ஏன் கீறுகிறது? பயத்தைப் படிப்பதும் பதற்றமின்றிக் கையாளுவதும்

மடியில் சுருண்டு தூங்கும் அதே பூனை, மாத்திரை கொடுக்கப் போனால் சீறுகிறது. பூனையைக் கொண்டுபோகும் பெட்டியான கேரியரை எடுக்கும் சத்தம் கேட்டதும் கட்டிலடியில் போய் ஒளிகிறது. மருத்துவரின் மேசையில் நான்கு காலாலும் கீறித் தள்ளுகிறது. வளர்ப்பவர்கள் இதற்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் குணத்தைப் பற்றியவை: அடம், திமிர், நன்றி இல்லை, பழி வாங்குகிறது. இவற்றில் எதுவும் நடப்பதை விளக்குவதில்லை. விளக்குவது பயம், அதிலும் தப்பிக்க வழியில்லை என்று தெரியும்போது வரும் பயம். அந்த வழியை எவ்வளவு திறந்து வைக்கிறோமோ அவ்வளவுக்குப் பூனையைக் கையாளுவது எளிதாகிறது. ஏன் அப்படி என்பதைப் பூனையின் உடலமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

## வேட்டையாடும், வேட்டையாடப்படும்

வீட்டுப் பூனையின் மூதாதை, ஃபெலிஸ் லிபிகா என்ற காட்டுப்பூனை. வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் இனம். வேளாண்மை தொடங்கியபின் தானியத்தைத் தேடி எலிகள் வந்தன, எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் புதைகுழிக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 ஆண்டுகள் பழையது. அதைப் பற்றிய ஆய்வு 2004-இல் வெளியானது. அவ்வளவு காலம் மனிதரோடு இருந்தும் பூனையின் அடிப்படை வாழ்க்கை முறை பெரிதாக மாறவில்லை. அது தனியாக வேட்டையாடும் விலங்கு. தன்னைவிடச் சிறியவற்றைப் பிடிக்கும், தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகவும் கூடும்.

நாய் கூட்டமாக வாழ்ந்த இனத்திலிருந்து வந்தது. கூட்டத்தில் ஒன்று காயப்பட்டாலும் மற்றவை இரை பிடிக்கும், சண்டை வந்தால் சமாதானம் செய்துகொள்ளும் சைகைகளும் உண்டு. தனி வேட்டைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. ஒரு கால் காயப்பட்டால் பட்டினிதான். ஆகவே பூனையின் முதல் விதி, சண்டையைத் தவிர். இதிலிருந்து நான்கு விளைவுகள் வருகின்றன.

1. ஒளிவதே முதல் தற்காப்பு. உயரமான இடம் அல்லது உடல் நெருக்கமாகப் பொருந்தும் இருட்டு மூலை கிடைத்தால் பூனை சண்டைக்கு வராது. அந்த இரண்டும் மூடப்பட்ட பிறகுதான் நகம் வெளியே வரும்.

2. வலியை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் ஆபத்து. பல் வலியோ மூட்டு வலியோ முற்றிய பிறகே வீட்டாருக்குத் தெரிய வருவது இதனால்தான்.

3. இடம்தான் பாதுகாப்பு. கன்னத்தையும் தாடையையும் கதவு மூலையிலும் நாற்காலிக் காலிலும் நம் கணுக்காலிலும் தேய்த்துத் தன் வாசனையை ஏற்றுகிறது. அந்த வாசனை உள்ள இடம் தெரிந்த இடம். வீட்டைவிட்டு வெளியே போவது என்பதே, வேறு எதுவும் நடக்காவிட்டாலும், பூனைக்கு அச்சமூட்டும் நிகழ்ச்சி.

4. புலன்கள் நம்முடையவை போன்றவை அல்ல. நமக்குக் கேட்கும் உச்ச வரம்பு சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும். நமக்கு அமைதியாகத் தோன்றும் அறையில் சில மின்கருவிகளின் மெல்லிய கீச்சொலி அதற்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கிருமிநாசினி, வாசனைத் திரவியம், வேறு விலங்கின் பயம் கலந்த மணம் எல்லாம் அதன் மூக்குக்குச் சேதிகள். மறுபுறம், முகத்துக்கு மிக அருகில், ஏறத்தாழ 25 செ.மீ. தூரத்துக்குள் இருப்பதைப் பூனையால் தெளிவாகப் பார்க்க முடியாது. முகத்துக்கு நேரே வேகமாக வரும் கை அதற்கு மங்கலான ஒரு பெரிய உருவம்.

இன்னொன்றும் உண்டு. குட்டிகள் மனிதர்களை இயல்பானவர்களாக ஏற்கும் காலம் பிறந்த 2-ஆம் வாரம் முதல் 7-ஆம் வாரம் வரையில்தான். அந்தச் சில வாரங்களில் பலர் மென்மையாகத் தூக்கிப் பழக்கிய குட்டி பின்னாளில் புதியவர்களிடம் எளிதில் வரும். அந்த வாய்ப்பு கிடைக்காத பூனை வளர்ந்தபின் மெல்லத்தான் பழகும். எவ்வளவு பாசம் காட்டினாலும் கையில் ஏறாத பூனை நன்றி கெட்டதல்ல. அதன் முதல் இரண்டு மாதங்கள் வேறு மாதிரி கழிந்தன, அவ்வளவுதான்.

## பயம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது

ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு உடலில் சுரக்கும் அழுத்த ஹார்மோன்கள் அடுத்த நிமிடமே வடிந்துவிடுவதில்லை. முதல் பயம் அடங்கும் முன்னரே இரண்டாவது வந்தால் இரண்டும் கூடுகின்றன. மருத்துவமனை நாளை வரிசையாகப் பாருங்கள்: கட்டிலடியிலிருந்து இழுக்கப்பட்டது, கேரியருக்குள் திணிக்கப்பட்டது, வண்டியில் குலுங்கியது, காத்திருப்பு அறையில் நாய் குரைத்தது, குளிர்ந்த எடைமேடையில் நின்றது. கடைசியில் மருத்துவர் காதைத் திருப்பியதும் கடித்துவிட்டது. காதைத் தொட்டதால் கடித்தது என்று குறிப்பில் எழுதப்படும். உண்மையில் அந்தக் கடி வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

பயந்த பூனை செய்யக்கூடியவை நான்கு: ஒளிதல், உறைதல், ஓடுதல், தாக்குதல். இவற்றில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது உறைதல். மேசையில் உடம்பைத் தாழ்த்தி, தலையைத் தோள்களுக்குள் இழுத்து, அசையாமல் கிடக்கும் பூனையைப் பார்த்து ‘எவ்வளவு சமர்த்து’ என்கிறார்கள். அது உச்சகட்ட அச்சம். அடுத்த நொடி பாயவும் கூடும்.

பயம் மருத்துவக் கணக்கையும் குழப்புகிறது. பயந்த பூனையின் இரத்தச் சர்க்கரை நீரிழிவு என்று சந்தேகிக்கும் அளவுக்கு உயரலாம். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். காரணம் தெரியாமல் சிறுநீர்ப்பை அழற்சியடையும் நோய் பூனைகளில் பரவலானது. மன அழுத்தம் அதைத் தூண்டும் முக்கியக் காரணிகளில் ஒன்று. பதற்றத்தைக் குறைப்பது பூனையிடம் காட்டும் கருணை மட்டுமில்லை, சரியான நோயறிதலுக்கும் அது வேண்டும்.

## உடல் சொல்வதைப் படிப்பது

ஒரே உறுப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வால், காது, கண், முதுகு எல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

- காது: முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் நிம்மதி அல்லது ஆர்வம். பக்கவாட்டில் திரும்பினால் சங்கடம். தலையோடு ஒட்டித் தட்டையானால் பயம் முற்றிவிட்டது.
- கண்: நல்ல வெளிச்சத்திலும் கருமணி விரிந்து கறுப்பாகத் தெரிந்தால் பயமோ அளவுக்கு மீறிய கிளர்ச்சியோ இருக்கிறது. பாதி மூடிய, தளர்ந்த கண் நல்ல அறிகுறி.
- வால்: நுனி லேசாக வளைந்து செங்குத்தாக நின்றால் நட்பு. நாய்க்கு வாலாட்டம் மகிழ்ச்சி என்பதை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள்; பூனை வாலைப் பக்கத்துக்குப் பக்கம் அடித்தால் எரிச்சல். உடலடியில் சுருட்டிக்கொண்டால் பயம்.
- ஒலி: சீறலும் உறுமலும் ‘தள்ளிப் போ’ என்ற எச்சரிக்கை. இதற்காகப் பூனையைத் தண்டித்தால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அடித்தொண்டையில் கர் கர் என்று ஒலியெழுப்புவது எப்போதும் சந்தோஷம் அல்ல. வலியிலும் நோயிலும்கூட அப்படி ஒலிக்கும்.

தடவிக்கொண்டிருக்கும்போதே திடீரெனக் கடித்துவிட்டது என்ற புகார் மிகப் பொதுவானது. கூர்ந்து கவனித்தால் அது திடீர் அல்ல. முதலில் வால் நுனி ஒரு முறை சுண்டும். பிறகு கை போகும் இடத்தில் முதுகுத்தோல் அலைபோலத் துடிக்கும். ஒரு காது பின்னால் திரும்பும். கர் கர் ஒலி நின்றுபோகும். கடைசியாகத் தலை கையை நோக்கித் திரும்பும். முதல் சுண்டலிலேயே கையை எடுத்தால் மீதி எதுவும் நடக்காது.

வலியைக் கண்டுபிடிக்க முகத்தை அளவிடும் ஒரு முறையும் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டது. காதின் நிலை, கண்ணின் இடுக்கம், மூக்கு-வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தோளோடு ஒப்பிட்டால் தலையின் உயரம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநிவாரணம் தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது, உண்ணாமலும் கத்தாமலும் நக்கிக்கொள்ளாமலும் இருக்கும் நேரத்தில் அரை நிமிடம் பார்த்து மதிப்பிடுங்கள்.

நாமும் பதில் சொல்லலாம். கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறப்பது பூனைக்கு நட்பாகப் படுகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிக் கண்சிமிட்டியவர்களின் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் வருவது கூடியது. விழியெடுக்காமல் வெறித்துப் பார்ப்பது இதற்கு நேர் எதிரானது. பூனைகளுக்குள் அது மிரட்டல்.

## தொடுவதும் தூக்குவதும்

தொடலின் அடிப்படை, தேர்வைப் பூனையிடம் விடுவது. உட்கார்ந்த நிலையில், விரலை லேசாக மடக்கி, மூக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நீட்டுங்கள். கை அங்கேயே நிற்கட்டும். பூனை வந்து மோந்து கன்னத்தைத் தேய்த்தால் அனுமதி. தலையைத் திருப்பிக்கொண்டால் இல்லை. அனுமதி கிடைத்தபின் மூன்று விநாடி தடவி நிறுத்துங்கள். மறுபடி தலையை நீட்டினால் தொடரலாம்.

பெரும்பாலான பூனைகள் விரும்பும் இடங்கள் கன்னம், தாடைக்கு அடி, காதின் அடிப்பகுதி. வாலடியும் வயிறும் பலவற்றுக்குப் பிடிக்காது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம்தான்; வயிற்றைத் தொடச் சொல்லும் அழைப்பு அது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தூக்கும்போது பக்கவாட்டிலிருந்து அணுகி, ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புக்கு அடியிலும், மற்றதைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து உங்கள் உடம்போடு சேர்த்து அணையுங்கள். பின்னங்கால்கள் தொங்கினால் பூனை பிடிமானம் தேடி நகத்தை ஊன்றும். இறக்கும்போது நான்கு காலும் தரையில் பட்டபின் கையை எடுங்கள். பாதியில் குதிக்க விட்டால் அடுத்த முறையும் குதிக்கவே முயலும்.

பிடரியைப் பிடித்துத் தூக்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வும்போது குட்டி சுருண்டு அசையாமல் இருப்பது முதல் சில வாரங்களின் அனிச்சைச் செயல். வளர்ந்த பூனையின் பிடரியை வேறொரு விலங்கு கவ்வுவது இணைசேரும்போது, சண்டையில், இரையாகும்போது. அப்போது அது அசையாமல் கிடப்பது உறைந்த பயம். 4 அல்லது 5 கிலோ எடையைக் கழுத்துத்தோலில் தொங்கவிடுவது வலியும் தரும். அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவக் கழகமும் 2022-இல் வெளியிட்ட கையாளுதல் நெறிமுறைகள் இம்முறையை ஏற்கவில்லை. இன்னும் இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருப்பது வருத்தமளிக்கிறது. இதைவிட நல்ல வழிகள் எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

## கேரியர்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பரணிலிருந்து இறங்கி, அதன் பிறகு ஊசியில் முடியும் பெட்டியைப் பூனை வெறுக்காமல் எப்படி இருக்கும்? தீர்வு, கேரியரை வீட்டுப் பொருளாக ஆக்கிவிடுவது.

வாங்கும்போது கெட்டியான பிளாஸ்டிக் உடலும், முன்கதவோடு மேல்கதவும், மேல்பாதியைத் தனியாகக் கழற்றும் வசதியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மேல்பாதி கழன்றால், பூனையை வெளியே இழுக்காமல் கீழ்ப்பாதியில் உட்கார்ந்தபடியே மருத்துவர் பரிசோதிக்கலாம். எழுந்து நின்று திரும்ப இடம் இருந்தால் போதும். மிகப் பெரியதாக இருந்தால் பயணத்தில் பூனை உள்ளே சறுக்கும்.

பழக்கும் வரிசை:

1. மேல்பாதியையும் கதவையும் கழற்றிவிட்டு, கீழ்த்தட்டில் பூனை வழக்கமாகப் படுக்கும் துணியை விரித்து, அது ஓய்வெடுக்கும் அறையில் வையுங்கள். துவைத்த துணி வேண்டாம், வாசனை போய்விடும்.
2. தினமும் பிடித்த தின்பண்டத்தைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். அது தானாக ஏறி உண்ணத் தொடங்கியபின் மெல்ல உள்பக்கம் நகர்த்துங்கள். இனிப்பு எதற்கும் உதவாது. இனிப்புச் சுவையை உணரும் ஏற்பி பூனைக்கு வேலை செய்வதில்லை. இறைச்சி, மீன் மணம்தான் எடுபடும்.
3. தயக்கமின்றி உள்ளே படுக்கத் தொடங்கியதும் மேல்பாதியைப் பொருத்துங்கள். கதவு இன்னும் வேண்டாம்.
4. கதவைப் பொருத்தி, உண்ணும்போது ஒரு விநாடி மூடித் திறங்கள். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கதவைப் பிறாண்டினாலோ கத்தினாலோ, வேகம் கூடிவிட்டது என்று பொருள். முந்தைய படிக்குத் திரும்புங்கள்.
5. மூடிய கேரியரைத் தூக்கி இரண்டடி நடந்து இறக்குங்கள். பிறகு வாசல்வரை, வண்டிவரை, வண்டியில் ஒரு சிறு சுற்று.

சில பூனைகள் சில நாட்களில் முடிக்கும், சில பல வாரங்கள் எடுக்கும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது. பூனை உள்ளே தூங்குவதைக் கண்ட மகிழ்ச்சியில் கதவை மூடி, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுகிறார்கள். அத்தோடு எல்லாப் பழக்கமும் வீண்.

பழக்க நேரமில்லாத அவசரத்தில், சிறிய அறை ஒன்றில் கேரியரை முன்னதாகவே வைத்து, ஒளியும் இடங்களை அடைத்துவிட்டு, பிறகு பூனையை அங்கே அழைத்துவாருங்கள். துரத்த வேண்டாம். பெரிய துண்டைப் பூனைமேல் மெதுவாகப் போர்த்தி, துண்டோடு சேர்த்து அணைத்து, மேல்கதவு வழியாகப் பின்புறம் முதலில் இறங்கும்படி உள்ளே வையுங்கள். தலை முதலில் போனால் நான்கு காலையும் விரித்து விளிம்பைப் பற்றிக்கொள்ளும்.

பூனையின் கன்ன வாசனையை ஒத்த செயற்கைத் திரவத்தைத் தெளிப்பானாக விற்கிறார்கள். அதைத் துணியில் தெளித்து 15 நிமிடம் ஆறவிட்ட பிறகே பூனையை உள்ளே விடுங்கள். அதில் கலந்துள்ள ஆல்கஹால் ஆவியாகாவிட்டால் மூக்கில் எரியும்.

பயணத்தில் கேரியரைத் துண்டால் மூடுங்கள். காற்றுப் போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு நடக்காமல், இரு கைகளாலும் அடியில் தாங்கி மார்போடு சேர்த்துத் தூக்குங்கள். காரில் முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் அசையாமல் வைப்பது நல்லது. காத்திருப்பு அறையில் தரையில் வைக்காதீர்கள்; நாயின் மூக்கு உயரத்தில் பூனையை நிறுத்துவது போலாகும். நாற்காலியிலோ மேசையிலோ வைத்து, முன்கதவைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேரச்சம் கொள்ளும் பூனைகள் உண்டு. அவற்றுக்கு, கிளம்பும் முன் வீட்டிலேயே கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பரவலாகப் பயன்படுவது கபபென்டின். வழக்கமாக இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகக் கொடுக்கப்படும். சில மணி நேரம் தூக்கமும் தள்ளாட்டமும் இருக்கும் என்பதால் அன்று உயரத்தில் ஏறவிடக் கூடாது. சிறுநீரக நோயுள்ள பூனைக்கு அளவு குறைய வேண்டும். பூனைகளின் பயண, மருத்துவமனைப் பதற்றத்துக்கென்றே பிரிகாபலின் திரவ மருந்தை 2023-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. எதுவானாலும் அளவை மருத்துவர் மட்டுமே முடிவுசெய்ய வேண்டும். மருந்து கொடுப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பயந்து, அடுத்த முறை அதைவிடக் கூடுதலாகப் பயப்படும் சுழற்சியை அது முறிக்கிறது.

## நகமும் மாத்திரையும்

பூனைக்கு முன்பாதங்களில் ஐந்தைந்து, பின்பாதங்களில் நான்கு நான்கு, ஆக 18 நகங்கள். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் வெட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் சண்டைக்குக் காரணம். ஒரு நாளைக்கு இரண்டு நகம் போதும்.

பாதத்தை மெதுவாகப் பிடித்து, விரலின் மேல்பக்கத்தையும் அடியிலுள்ள மெத்தையையும் சேர்த்து லேசாக அழுத்தினால் நகம் வெளியே நீளும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தநாளமும் நரம்பும் உள்ள சதை. அதிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளி, வெண்மையான கூர்முனையை மட்டும் வெட்டுங்கள். கட்டர் மழுங்கியிருந்தால் நகம் வெட்டுப்படாமல் நசுங்கிப் பிளக்கும், வலிக்கும். தவறிச் சதையில் பட்டால் சோளமாவை வைத்து ஓரிரு நிமிடம் அழுத்துங்கள், இரத்தம் நின்றுவிடும். அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

மாத்திரைக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உணவில் மறைத்துக் கொடுக்கலாமா என்பது. சிலவற்றை உடைக்கக் கூடாது, சிலவற்றை வெறும் வயிற்றில்தான் தர வேண்டும். மறைத்துக் கொடுக்கலாம் என்றால், மருந்தில்லாத இரண்டு உருண்டைகளை முதலில் கொடுத்து, மூன்றாவதில் மாத்திரையை வைத்து, நான்காவதை வெறுமனே கொடுங்கள். நேரடியாக வாயில் போட வேண்டுமென்றால்:

1. மேசையில் துண்டை விரித்து, பூனையை உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள்.
2. துண்டின் ஒரு பக்கத்தைக் கழுத்தைச் சுற்றி எடுத்து உடலுக்கு அடியில் செருகுங்கள், பிறகு மறுபக்கத்தை. முன்னங்கால்கள் உள்ளே இருக்க வேண்டும். கழுத்துக்கும் துண்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும்.
3. ஒரு கையால் தலையை மேலிருந்து, கட்டைவிரலும் நடுவிரலும் கன்ன எலும்பின் இரு பக்கமும் இருக்கும்படி பிடித்து, மூக்கை மேல்நோக்கித் திருப்புங்கள்.
4. மறுகையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாத்திரையை வைத்து, நடுவிரலால் முன்பற்களின் மேல் கீழ்த்தாடையை இறக்கி, நாக்கின் பின்கோடியில் நடுவில் விடுங்கள். நாக்கின் முன்பகுதியில் விழுந்தால் துப்பிவிடும்.
5. பின்னாலேயே சுமார் 5 மி.லி. தண்ணீரை ஊசியில்லா சிரிஞ்சால் கன்னத்தோரமாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

ஐந்தாவது படியை விட்டுவிடுகிறவர்கள் மிக அதிகம். வறட்டு மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடக் கூடும். குறிப்பாக டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அப்படித் தங்கினால் குழாய் புண்ணாகிச் சுருங்கி, உணவே இறங்காத நிலை வரலாம்.

இருமுறை முயன்றும் முடியாமல் பூனை திமிறினால் விட்டுவிடுங்கள். அரைமணி கழித்து முயன்றாலும் மாத்திரை அதே மாத்திரைதான்; சண்டையிட்டுக் கொடுத்தால் நாளைக்குக் கொடுக்க முடியாது.

## வீடு திரும்பியபின்

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பூனையை அதன் கூட்டாளியே அடித்து விரட்டுவதுண்டு. பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரிதும் வாசனையால். திரும்பி வந்ததன்மேல் கிருமிநாசினியும் பிற விலங்குகளும் மணக்கின்றன. முதலில் கேரியரை மூடியபடியே வைத்து மற்றவை மோந்து பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். சீறினால் வந்த பூனையைத் தனியறையில் தண்ணீர், உணவு, மணல் நிரப்பிய மலத்தட்டுடன் 24 மணி நேரமாவது விடுங்கள். அது தன்னை நக்கிச் சுத்தம் செய்து பழைய மணத்துக்குத் திரும்பட்டும். வாய்ப்பிருந்தால் இரண்டையும் ஒன்றாகவே மருத்துவரிடம் கொண்டுபோவது எளிய தீர்வு.

சன்னலுக்கு வெளியே அந்நியப் பூனையைக் கண்டு கொதித்துப்போய், அருகில் இருப்பவரைக் கடிப்பதும் உண்டு. கோபத்தின் இலக்கு நீங்கள் இல்லை, கைக்கெட்டியது நீங்கள். தொடாதீர்கள், சமாதானப்படுத்தாதீர்கள், திரையை இழுத்து, விளக்கை அணைத்து, அறையைவிட்டு வெளியேறுங்கள். அடங்கப் பல மணி நேரம் ஆகலாம்.

## அன்றாட ஏற்பாடு

வீட்டில் நாள்தோறும் பதற்றத்தில் இருக்கும் பூனையை எந்தக் கைப்பக்குவமும் அமைதிப்படுத்தாது. ஒளிய ஓரிடம், ஏற ஓரிடம், தினமும் சில நிமிடம் கயிறோ இறகோ கட்டிய கோலால் வேட்டை விளையாட்டு, அதன் முடிவில் ஒரு வாய் உணவு. உணவும் தண்ணீரும் மலத்தட்டும் தனித்தனி இடங்களில். மலத்தட்டுகளின் எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். எல்லாத் தட்டுகளையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒரே தட்டு. தட்டின் நீளம் பூனையின் உடலைப் போல ஒன்றரை மடங்கு, மணல் சில செ.மீ. ஆழம், வாசனை சேர்க்காதது. கழிவைத் தினமும் அள்ளுங்கள்.

தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தால் மூக்கை அதில் தேய்ப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, அதட்டுவது எதுவும் வேண்டாம். பூனை கற்றுக்கொள்வது ‘இங்கே போகக் கூடாது’ என்பதை அல்ல. ‘இந்த ஆள் ஆபத்தானவர்’ என்பதை.

## கடித்துவிட்டால்

பூனையின் கோரைப்பல் மெல்லியது, ஊசிபோல ஆழமாக இறங்கும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயத்தின் அடியில், வாயில் இயல்பாக இருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் தங்கிவிடும். ஒரே நாளில் கை வீங்கிச் சிவக்கலாம். உடனே ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கடி கையிலோ மூட்டருகிலோ பட்டிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தேவையா என்பதையும் அவரே முடிவுசெய்வார்.

## இது குணமல்ல, நோய்

பழகிய பூனையின் போக்கு திடீரென மாறினால் முதலில் உடலைச் சந்தேகிக்க வேண்டும். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்-ரே படங்களைப் பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு தெரிந்தது. தூக்கினால் சீறும் கிழப்பூனைக்கு உங்கள்மேல் வெறுப்பில்லை, இடுப்பு வலிக்கிறது. விளிம்பு உயரமான மலத்தட்டை அது தவிர்ப்பதும் அதே வலியால் இருக்கலாம்.

கீழ்க்கண்டவற்றுக்குப் பழக்கும் முறைகளையும் படிகளையும் ஒதுக்கிவிட்டு உடனே கிளம்புங்கள். துண்டில் சுற்றியாவது கொண்டுபோங்கள்.

1. ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் இருந்தால். சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போகும்.
2. வாயைத் திறந்து மூச்சுவாங்கினால். நாய்க்கு இது இயல்பு, பூனைக்கு அபாயம்.
3. ஒரு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாமல் இருந்தால். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து செயலிழக்கத் தொடங்கும். பருமனான பூனைகளுக்கு இன்னும் சீக்கிரம்.
4. மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையோ, நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தோ பூனைக்குள் போயிருந்தால், அல்லது தோலில் பட்டிருந்தால். இரண்டும் பூனைக்குக் கொடிய நஞ்சு. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல், மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.